பிடிபட்டவர் எங்கே என்று வீட்டுக்குச் சொல்வது யார்? ராமநாதபுரம் கரையும் குடும்பத்துக்கான உலகச் சட்டமும்

2014 ஜூன் மாதக் கடைசியில், ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றம் ‘குடும்பத்தின் பாதுகாப்பு’ என்ற தலைப்பில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. 26 நாடுகள் ஆதரித்தன, 14 நாடுகள் எதிர்த்தன, 6 நாடுகள் ஒதுங்கி நின்றன. ஆதரித்த நாடுகளில் இந்தியாவும் உண்டு. அந்த வாக்கெடுப்பு நடந்த நேரத்தில் ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் ஐந்து வீடுகள், இலங்கைச் சிறையில் கிடக்கும் தங்கள் ஆட்களுக்காகக் காத்திருந்தன. 2011 நவம்பர் இறுதியில் மீன்பிடிக்கப் போன ஐவர் அவர்கள். போதைப்பொருள் கடத்தினார்கள் என்பது வழக்கு. 2014 அக்டோபர் 30-ஆம் தேதி கொழும்பு உயர் நீதிமன்றம் ஐவருக்கும் மரண தண்டனை விதித்தது. தீவே கொதித்து எழுந்தது. அடுத்த மாதமே அன்றைய இலங்கை அதிபர் மகிந்த ராஜபக்ச மன்னிப்பு வழங்க, ஐவரும் ஊர் திரும்பினார்கள். கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் அந்த ஐந்து வீடுகளும் தாங்கியதை எந்த மன்னிப்பும் ஈடு செய்யாது.

ஜெனீவாவில் அன்று நடந்த வாதமோ வேறு திசையில் ஓடியது. குடும்பம் என்றால் எது, ஆணும் பெண்ணும் குழந்தைகளும் சேர்ந்தால்தான் குடும்பமா, தனித்து வாழும் தாயும் பிள்ளையும் அதில் சேர்த்தியா, பாட்டி வளர்க்கும் பேரப்பிள்ளைகளின் வீடு சேர்த்தியா என்பதுதான் சண்டை. ‘பல்வேறு வடிவங்களில் குடும்பங்கள் உள்ளன’ என்ற வாசகத்தைச் சேர்க்கச் சில நாடுகள் முயன்றன. அந்தத் திருத்தம் விவாதத்துக்கே வராதபடி ரஷ்யா தடுத்தது. அடுத்த ஆண்டு இதே தலைப்பில் வந்த இன்னொரு தீர்மானம் 29-க்கு 14 என்ற கணக்கில் நிறைவேறியது. இந்தியா அப்போதும் ஆதரவுதான்.

அந்தச் சண்டை முக்கியமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் பாம்பன் பாலத்துக்கு இப்பாலும் அப்பாலும் வாழ்கிறவர்களுக்குக் குடும்பம் உடைவது வடிவத்தால் அல்ல. கைதால் உடைகிறது, எல்லைக் கோட்டால் உடைகிறது, கிடைக்காத ஒரு சான்றிதழால் உடைகிறது. மூன்றுமே அரசுகளின் கையில் இருப்பவை. குடும்பத்தைக் காப்பதாக உலக அரங்கில் கைதூக்கிய அரசு, அந்தக் கடமையை முதலில் இந்த மூன்று இடங்களில்தான் நிறைவேற்றிக் காட்ட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 1948 டிசம்பர் 10-ஆம் தேதி ஏற்கப்பட்ட உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 16-ஆவது பிரிவு, குடும்பம் சமுதாயத்தின் இயற்கையான, அடிப்படையான அலகு என்றும், சமுதாயமும் அரசும் அதைப் பாதுகாக்க வேண்டும் என்றும் கூறுகிறது. லெபனான் நாட்டின் சார்லஸ் மாலிக் விடாப்பிடியாக நின்று சேர்க்க வைத்த கருத்து அது. அதே பிரிவின் முதல் வரி, இனம், தேசம், மதம் எதுவும் திருமணத்துக்குத் தடையாகக் கூடாது என்கிறது. யூதர்களை மணக்கக் கூடாது என்று நாஜி ஜெர்மனி சட்டம் போட்டிருந்த காலத்தை நினைவில் வைத்துக்கொண்டு எழுதிய வரி. ஆக, குடும்பம் பற்றிய உலகச் சட்டம் பிறந்ததே அரசு குடும்பத்துக்குள் புகுந்து செய்த கொடுமைக்குப் பதிலாகத்தான்.

பிரகடனம் அறிவிப்பு மட்டுமே. அதற்குச் சட்ட வலு கொடுத்தவை 1966-இல் வந்த இரண்டு உடன்படிக்கைகள். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 17-ஆவது பிரிவு, குடும்ப வாழ்வில் அரசு தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்கிறது. 23-ஆவது பிரிவு குடும்பத்துக்குப் பாதுகாப்பு தருகிறது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 10-ஆவது பிரிவு ஒருபடி மேலே போய், குடும்பத்துக்கு, முக்கியமாகப் பிள்ளைகளையும் சார்ந்திருப்பவர்களையும் பராமரிக்கும் காலத்தில், இயன்ற அளவு பெரிய உதவியை அரசு தர வேண்டும் என்கிறது. இந்தியா இவ்விரண்டிலும் 1979-இல் சேர்ந்தது, இலங்கை 1980-இல் சேர்ந்தது. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையிலும் இரண்டு நாடுகளும் இருக்கின்றன. பாக் நீரிணையின் இருபுறமும் ஒரே சட்டம் பொருந்தும் என்பதை இந்தக் கரையில் பலர் அறிந்திருக்கவில்லை. அறிந்தால் கேட்கும் கேள்விகள் மாறும்.

ஒரு படகு பிடிபட்டால் கரையில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ராமேசுவரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு போகிற படகு மறுநாள் காலை கரை சேர வேண்டும். இரவில் கச்சத்தீவுப் பக்கம் கடற்படைப் படகின் வெளிச்சம் தெரிந்தால், தப்பி வருகிற படகுகள்தான் முதலில் செய்தி கொண்டுவருகின்றன. இரண்டு படகு, மூன்று படகு என்று எண்ணிக்கைதான் முதலில் வரும். பெயர்கள் வராது. துறைமுகத்தில் சங்கத் தலைவரைச் சுற்றிப் பெண்கள் நிற்கிறார்கள். ‘எந்தப் படகு, அண்ணே?’ என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. கூலிக்குப் போகிறவர்கள் கடைசி நேரத்தில் படகு மாறி ஏறுவதும் உண்டு. அதனால் படகு எண் தெரிந்த பிறகும் சில வீடுகளுக்குத் தங்கள் ஆள் அதில் இருந்தாரா என்பது உறுதியாகத் தெரிவதில்லை.

அப்புறம் ஓட்டம் தொடங்குகிறது. ஆதார், ரேஷன் கார்டு, மீனவர் அடையாள அட்டை, படகுப் பதிவு நகல், இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படம், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில். மீன்வளத்துறை அலுவலகம், கடலோரக் காவல், மாவட்ட ஆட்சியருக்கு மனு. மறுகரையில் மன்னார் நீதிமன்றமோ ஊர்காவற்றுறை நீதிமன்றமோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விளக்கமறியலை, அதாவது விசாரணைக் காவலை, நீட்டிக்கொண்டே போகும். வாய்தாத் தேதி வந்தால் இந்தக் கரையில் சமையல் நடப்பதில்லை. சம்பாத்தியம் நின்ற வீட்டில் நகை அடகுக் கடைக்குப் போகிறது, சுய உதவிக் குழுவின் தவணை தவறுகிறது, படிக்கிற பையன் ஐஸ் கம்பெனியில் வேலைக்கு நிற்கிறான். தமிழக அரசு, சிறையில் இருப்பவர்களின் குடும்பத்துக்கு நாள்படி ஒரு தொகை தருகிறது. நல்ல ஏற்பாடு அது, கூட்டவும் வேண்டும். 2024-ஆம் ஆண்டில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களை இலங்கை கைது செய்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் வீடுகளை யாரும் எண்ணுவதில்லை.

இந்த இடத்தில்தான் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு, நான்காவது உட்பிரிவு வருகிறது. அரசு ஒருவரைக் காவலில் வைத்ததால் பெற்றோரும் பிள்ளையும் பிரிந்தால், அவர் எங்கே இருக்கிறார் என்ற தகவலை, கேட்டவுடன் குடும்பத்துக்கு அந்த அரசு கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். தகவல் தருவது கருணை அல்ல, கடன். ஐ.நா. பொதுச்சபை 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் இதை இன்னும் தெளிவாகச் சொல்கின்றன: சிறைக்குக் கொண்டுவரப்பட்டவர் உடனடியாகத் தன் குடும்பத்துக்குச் செய்தி சொல்ல உரிமையும் வழியும் இருக்க வேண்டும், குறிப்பிட்ட இடைவெளியில் தொலைபேசியிலோ கடிதத்திலோ பேச வேண்டும், குடும்பம் வந்து பார்க்க வேண்டும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் யாழ்ப்பாணச் சிறையில் இருக்கும் கணவனைப் பார்க்கத் தங்கச்சிமடத்துப் பெண்ணுக்கு முதலில் பாஸ்போர்ட் வேண்டும். பிறகு நாகப்பட்டினம் போய் காங்கேசன்துறைக் கப்பலையோ, சென்னை போய் விமானத்தையோ பிடிக்க வேண்டும். அன்றாடம் கூலி வாங்கும் வீட்டுக்கு இது நடக்கிற காரியமா? விடுதலையான பிறகும் இதே சுற்றுதான். கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானம், சென்னையிலிருந்து வேனில் ராமேசுவரம்.

துணைத் தூதரக உறவுகள் குறித்த 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளிநாட்டவர் ஒருவர் கைதானால், அவர் கேட்டுக்கொண்டால் அவருடைய நாட்டின் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும், தூதரக அதிகாரிகள் அவரைச் சந்திக்க விட வேண்டும். இந்தப் பிரிவை வைத்துத்தான், பாகிஸ்தானில் மரண தண்டனை பெற்ற இந்தியரான குல்பூஷண் ஜாதவின் வழக்கில் இந்தியா ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் வரை போய் 2019 ஜூலையில் வென்றது. யாழ்ப்பாணத்தில் இந்தியாவுக்குத் துணைத் தூதரகம் இருக்கிறது, அதிகாரிகள் மீனவர்களைச் சந்திக்கவும் செய்கிறார்கள். ஆனால் சந்தித்ததில் தெரிந்த விவரம் எத்தனை மணி நேரத்தில் வீட்டு வாசலுக்கு வர வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. அதுதான் இந்தச் சங்கிலியில் அறுந்து கிடக்கும் கண்ணி.

கடல் சட்டம் பற்றி இங்கே ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறைத் தண்டனையே கூடாது என்று ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை சொல்வதாக மேடைகளில் பேசுகிறார்கள். 73-ஆவது பிரிவு அப்படிச் சொல்வது உண்மைதான். நியாயமான பிணைத் தொகை கட்டினால் படகையும் ஆட்களையும் விரைவில் விட வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவு கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் தொடங்கும் பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்துக்கு உரியது. பாக் நீரிணை குறுகலானது. 1974 ஜூன் மாத ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் அதை வரலாற்று நீர்ப்பரப்பாகக் கொண்டு கோடு கிழித்தன. கச்சத்தீவு அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. ஆகவே ராமேசுவரம் படகுகள் பிடிபடும் பெரும்பாலான இடங்களில் 73-ஆவது பிரிவை நேரடியாக எடுத்து வீச முடியாது. இலங்கை 2018-இல் வெளிநாட்டுப் படகுச் சட்டத்தைத் திருத்தி அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியபோதும், அண்மையில் இரண்டாம் முறை பிடிபட்டவர்களுக்குச் சிறைத் தண்டனை தரத் தொடங்கியபோதும், கடல் சட்டம் நமக்குக் கைகொடுக்காமல் போனதற்கு இதுவே காரணம். மனித உரிமைச் சட்டத்துக்கோ இந்தக் கடல் மைல் கணக்கு கிடையாது. சிறையின் உள்ளே இருக்கும் யாருக்கும், அவர் வீட்டில் இருக்கும் யாருக்கும் அது பொருந்தும். நம் வக்கீல்களும் சங்கங்களும் பிடிக்க வேண்டிய கொம்பு இதுதான்.

மறுகரையையும் சொல்லியாக வேண்டும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மீன்பிடிக்கிறவர்களும் தமிழர்கள்தான். போர்க்காலத்தில் அவர்களுக்குக் கடலே மறுக்கப்பட்டிருந்தது. 2009-க்குப் பிறகு கடன் வாங்கிச் சிறு படகும் வலையும் வாங்கினார்கள். நம் விசைப்படகுகளின் இழுவை மடி இரவில் அந்த வலைகளை அறுத்துக்கொண்டு போகிறது, மீன்குஞ்சையும் கடல்தரையையும் சேர்த்துச் சுரண்டுகிறது. இலங்கை 2017-இல் இழுவை மடியைத் தடை செய்தது. போரில் கணவனை இழந்த பெண்கள் நடத்தும் வீடுகள் அந்தக் கரையில் ஏராளம். அந்த வீடுகளும் பொருளாதார, சமூக உரிமை உடன்படிக்கையின் அதே 10-ஆவது பிரிவின் பாதுகாப்புக்கு உரியவை. 2017-இல் பாக் நீரிணையின் இரண்டாயிரம் விசைப்படகுகளை மூன்று ஆண்டுகளில் ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்ற 1,600 கோடி ரூபாயில் திட்டம் வந்தது. திட்டம் இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. இழுவை மடி இழுத்த கைக்கு ஆழ்கடல் வேறு தொழில், கடன் சுமை வேறு. அந்தத் தோல்வியைச் சரிசெய்யாமல் கைதை மட்டும் கண்டித்துக்கொண்டிருந்தால், இரண்டு கரையிலும் வீடுகள் உடைந்துகொண்டுதான் இருக்கும்.

1974 ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவு, இந்திய மீனவர்களும் பக்தர்களும் பயண ஆவணம் இல்லாமலே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம் என்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை தவக்காலத்தில் அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு ராமேசுவரத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படகுகள் போகின்றன. சப்பரம் சுற்றி வந்து, கொடி இறக்கி, திருப்பலி முடிந்ததும் மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குள் போய்ப் பார்த்தால், பக்தியோடு சேர்த்து வேறொன்றும் நடப்பது தெரியும். இந்தக் கரையில் பெண் கொடுத்த வீடு, அந்தக் கரையில் தம்பியை விட்டுவந்த வீடு, எண்பதுகளுக்குப் பிறகு ஒருவரையொருவர் பார்க்காத பெரியம்மா மகள்கள். ஒருவர் கையில் சேலை, இன்னொருவர் கையில் தேங்காய் எண்ணெயும் சோப்பும். மாலையில் படகு ஏறச் சொல்லிக் கூப்பிடும்வரை பேச்சு ஓயாது. குடும்ப ஒன்றிணைப்பு என்று உடன்படிக்கைகள் சொல்கிற ஒன்று இந்தக் கடலில் ஓர் அந்தோணியார் புண்ணியத்தில் ஆண்டுக்கு இரண்டு நாள் நடக்கிறது. அதைப் பத்து நாளாக்க இரண்டு அரசுகளுக்கும் ஒரு கடிதப் பரிமாற்றம் போதும்.

காகிதத்தால் குடும்பம் உடைவதைப் பார்க்க, பாம்பன் பாலத்துக்கு இப்பால் இருக்கும் மண்டபம் என்ற ஊருக்குப் போக வேண்டும். மண்டபம் முகாம் அகதிகளுக்காகக் கட்டியது அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களை நோய்ச் சோதனைக்காக நிறுத்திவைத்த இடம் அது. அங்கே நின்று, படகு ரயில் ஏறி தனுஷ்கோடி போய், தலைமன்னாருக்குக் கப்பலில் கடந்தார்கள். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களுடைய சந்ததிகளை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். கணக்கில் எடுத்தது 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். அந்த மீதியை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனிதர்களை இப்படி எண்ணிப் பங்கு போட்ட ஒப்பந்தம் உலகத்தில் அபூர்வம். அம்மா இங்கே, மகள் அங்கே. அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை. தலைமன்னார் கப்பலில் வந்து அதே மண்டபத்தில் இறங்கியவர்கள் நீலகிரிக்கும் நூற்பாலைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். 1964-இல் அந்தக் கணக்கைப் போட்டபோது, குடும்பத்தைப் பாதுகாக்கும் பிரகடனத்துக்குப் பதினாறு வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

1983 ஜூலைக்குப் பிறகு மண்டபம் மீண்டும் நிறைந்தது, இம்முறை போருக்குத் தப்பியவர்களால். 2022 மார்ச்சில், இலங்கையின் பொருளாதாரம் சரிந்து அரிசியும் பால்மாவும் எட்டாமல் போனபோது, கைக்குழந்தையோடு தனுஷ்கோடிக்கு அருகே மணல்திட்டில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்களைக் கடலோரக் காவல் படை மீட்டுக் கொண்டுவந்தது. தமிழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் உள்ளன. உதவித்தொகை, புது வீடு, கல்வி என்று தமிழக அரசு செய்திருப்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் குடியுரிமை மத்திய அரசின் கையில். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர்களுக்கு இடமில்லை. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்று கருதப்பட்டாலே பிறப்பால் குடியுரிமை கிடையாது. முகாமில் பிறந்த பெண்ணை ஊர்ப் பையன் ஒருவன் கட்டிக்கொண்டால், அவர்களுடைய பிள்ளை தகப்பனின் நாட்டில் பிறந்தும் இந்தச் சிக்கலில் மாட்டுகிறது. ஒரே வீட்டில் ஒரே சோற்றை உண்ணும் மூன்று பேருக்கு மூன்று விதச் சட்ட நிலை. 2025 செப்டம்பரில் மத்திய உள்துறை, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றி இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பது ஒன்று, நீ இந்த நாட்டவர் என்பது வேறொன்று.

சட்டத்தை ஒழுங்காகப் படித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்த எவரும் பிறப்பால் இந்தியர் என்பது 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குப் பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அவரைப் போல் அந்தத் தேதிக்கு முன் முகாம்களில் பிறந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் நீதிமன்றப் படி ஏறத்தான் வேண்டுமா? அதிகாரிகள் தாங்களே பிறப்புப் பதிவேட்டைப் புரட்டி அழைத்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஜெனீவாச் சண்டைக்குத் திரும்புகிறேன். அந்த 14 நாடுகள் எதிர்த்ததற்கு ஒரு வலுவான காரணம், குடும்பத்தைக் காப்பது என்ற பெயரில் குடும்பத்துக்குள் நசுங்குகிறவரை மறந்துவிடக் கூடாது என்பது. இந்தக் கரை அதற்கும் சாட்சி. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் சொந்தக் குடும்பத்தார். ஆகவே குடும்பம் என்ற அமைப்பைப் போற்றினால் போதும், உள்ளே இருப்பவர் தானாகக் காக்கப்படுவார் என்று நினைப்பது தவறு. ஆனால் அந்தக் குடும்பங்களைத் திட்டிவிட்டுப் போவதும் சரியாகாது. பக்கத்தில் மனநல மருத்துவர் இல்லை, மருந்து வாங்கக் காசில்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை, ஊர்ப்பேச்சு வேறு. மனநோய் தீரும் என்று ஏர்வாடி தர்காவை நம்பி அவர்கள் வந்தார்கள். பராமரிக்கும் குடும்பத்துக்கு இயன்ற அளவு பெரிய உதவி என்று 10-ஆவது பிரிவு சொன்னது அங்கே எட்டிப் பார்த்ததே இல்லை. சங்கிலியைத் தடை செய்ய 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தனிமனிதரின் உரிமையும் குடும்பத்தின் உரிமையும் மோதுவதாக ஜெனீவாவில் பேசினார்கள். ஏர்வாடியில் இரண்டுமே ஒன்றாக மறுக்கப்பட்டன.

குடும்பத்தின் வடிவம் பற்றியும் ஒரு வார்த்தை. குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு 1990-இல் எழுதிய 19-ஆவது பொதுக் கருத்துரை, குடும்பம் என்பது நாட்டுக்கு நாடு, பகுதிக்குப் பகுதி மாறலாம் என்று ஒப்புக்கொள்கிறது. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, காலில் தகடு கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களின் வீடுகளைப் பார்த்தால் அது புரியும். கணவர் சிறையில் இருந்தாலும் இறந்திருந்தாலும் அந்தப் பாசிப் பணத்தில்தான் அடுப்பு எரிகிறது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் தேசியக் கடல் பூங்காவானதிலிருந்து அந்தப் பெண்கள் வனத்துறைக்கு அஞ்சி அஞ்சித்தான் தொழில் செய்கிறார்கள். குடும்பத் தலைவர் என்று படிவத்தில் ஆண் பெயரைத் தேடும் அதிகாரிக்கு இவர்கள் கண்ணில் படுவதில்லை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறவர்களின் வீடுகளும் இப்படித்தான். குறைந்த சம்பளக்காரருக்கு மனைவி மக்களை அழைத்துக்கொள்ள விசா கிடைப்பதில்லை. அயலகத் தொழிலாளர் குடும்பங்களுக்கான 1990-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்துவிட்டது, இந்தியா சேரவில்லை.

கடலில் காணாமற்போனவரின் வீடு இன்னும் மோசமான நிலையில் இருக்கிறது. உடல் கிடைக்கவில்லை என்றால், ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாத பிறகே இறந்ததாகக் கருதலாம் என்பது சாட்சியச் சட்டம். 2023-இல் வந்த புதிய சட்டத்திலும் அதே ஏழு ஆண்டுதான். அதுவரை இறப்புச் சான்று இல்லை, காப்பீடு இல்லை, விதவை ஓய்வூதியம் இல்லை. 2017 நவம்பரில் ஒக்கி புயலுக்குப் பிறகு அரசு இந்தக் காத்திருப்பைத் தளர்த்திக் காணாமற்போன மீனவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு தந்தது. பேரழிவுக்கு ஒரு நியாயம், தனி ஒருவர் சாதாரண நாளில் காணாமற்போனால் வேறு நியாயம் என்று இருக்கக் கூடாது. இலங்கை 2016-இல் இறப்புச் சான்றுக்குப் பதிலாகக் ‘காணாமை’ச் சான்றிதழ் தரும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதை வைத்துக் குடும்பம் வங்கிக்கும் சொத்துக்கும் போகலாம். நாம் எடுத்துக்கொள்ளத் தக்க ஏற்பாடு.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 188-ஆவது உடன்படிக்கை, கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகும் ஆட்களின் பட்டியல் ஒன்றைக் கரையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்கிறது. இந்தியா அதை ஏற்கவில்லை. ஏற்கக் காத்திருக்காமலே டோக்கன் கொடுக்கும் இடத்தில் படகு எண்ணோடு ஆள் பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதி வாங்கலாம். படகு மாறி ஏறினாலும் தெரிந்துவிடும். மீன்வளத்துக்கான இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழு 2016 முதல் இருக்கிறது. படகை விடுவதைப் பற்றிப் பேசும் அதே மேசையில், பிடிபட்ட அன்றே பெயர்ப்பட்டியல் யாழ்ப்பாணத் துணைத் தூதரகத்துக்கும், அங்கிருந்து 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்கும் வர வேண்டும் என்று ஒரு பத்தி எழுதிக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை காணொளியில் பிள்ளைகளோடு பேச வைக்கலாம். தண்டனை பெற்றவர்களை மாற்றிக்கொள்ள 2010-இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. அதன்படி மீனவர் ஒருவரை ராமநாதபுரத்துக்குப் பக்கத்துச் சிறைக்கு மாற்றக் கோரலாம்.

ஒரு வழி இன்னும் யாரும் தீவிரமாக முயலாதது போலத் தெரிகிறது. குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கைக்கு முதல் விருப்ப நெறிமுறை என்று, நாடுகள் விரும்பினால் சேரக்கூடிய ஒரு துணை உடன்படிக்கை உண்டு; அதில் இலங்கை 1997-இல் சேர்ந்தது. அதன்படி, இலங்கை அதிகாரத்துக்குள் உரிமை மீறப்பட்ட எவரும், அங்குள்ள நீதிமன்ற வழிகள் தீர்ந்த பிறகு, ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் தனிப்பட்ட முறையீடு செய்யலாம். இலங்கைக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. 2006-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்தச் சேர்க்கை உள்நாட்டில் செல்லாது என்று தீர்ப்பளித்ததால் பயன் மட்டுப்பட்டது. ஆனாலும் சர்வதேசக் கடமை அப்படியே இருக்கிறது, குழு முறையீடுகளைத் தொடர்ந்து விசாரித்தும் வருகிறது. தங்கச்சிமடத்திலிருந்து நன்றாகத் தயாரித்த ஒரு முறையீடு போனால், 23-ஆவது பிரிவு மீனவர் வீட்டுக்கு என்ன தருகிறது என்பதை அந்தக் குழு எழுத்தில் சொல்லியாக வேண்டும். இந்தியா அந்த நெறிமுறையில் சேரவில்லை. அதனால் யாழ்ப்பாணச் சிறையில் இருக்கும் ராமேசுவரத்துக்காரருக்குத் திறந்திருக்கும் இந்த வாசல், மண்டபம் முகாமில் முப்பது ஆண்டுகளாக இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரருக்கு இல்லை.